ஒருசந்தியும் மாத்திரையும்

பாளையங்கோட்டை
3 ஜனவரி 2025

அன்புள்ள லிண்டாவுக்கு,

புது வருஷத்தில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரர் தம்பி இஸ்ரவேலின் சர்க்கரை அடங்கியிருக்கிறதா? மாதாவின் தயவில் நான் நலம். வெறும் நலம் இல்லை, பறக்கப் போகிறேன்!

பாஸ்போர்ட் வந்துவிட்டது. எழுபத்திரண்டு வயதில் எடுத்த படம். அதில் நான் யாரையோ கண்டிக்கப் போகிறவள் போல இருக்கிறேன். சுடலைவடிவு பார்த்துவிட்டு, "இதக் காட்டுனா ஏரோப்பிளேன்காரன் பயந்து கதவத் தொறந்துருவான்" என்கிறாள். வீட்டு வேலைக்கு வருகிறவளுக்கு நான் கொடுத்திருக்கிற இடம் அப்படி.

மருமகள் ரீபாவுக்குத் தை நடுவில் பேறுகாலம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வர வேண்டும். அவளுக்குத் தாய் இல்லை. ஆகவே தாய்வீடு விமானம் ஏறி ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. மகன் டெனிஸ் அங்கே பிசாவு நகரத்தில் முந்திரிக்கொட்டை வாங்கித் தூத்துக்குடிக்கு அனுப்புகிறானே, அந்தக் கம்பெனியின் அருணாசலம் அண்ணாச்சி என்னைக் கூட்டிப் போகிறார். உன் அண்ணன் இருந்திருந்தால், "துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பலைப் பார்த்து நின்றவன் நான், போவது நீயா?" என்று சண்டைக்கு வந்திருப்பார்.

மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டாயிற்று. மலேரியாவுக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. திரும்பி வந்த பிறகும் நாலு வாரம் போட வேண்டுமாம். மணப்பாட்டுக் கடற்கரையில் பிறந்தவளுக்கு மலேரியா பாடம் எடுக்கிறார் டாக்டர்! சிறுமியாக இருக்கையில் ஒருநாள் நடுங்கி மறுநாள் கான்வென்ட்டுக்குப் போனவள் நான். நடுங்கும் நாள், நடுங்காத நாள் என்று காய்ச்சலுக்கே ஒரு கால அட்டவணை இருந்தது.

போன் செய்யாதே. காது மெஷினில் உன் குரல் தகரத்தில் கல் விழுவது போலக் கேட்கிறது. எழுது.

உன் மைனி,
கிரேஸி


ஆழ்வார்குறிச்சி
8 ஜனவரி 2025

அன்புள்ள மைனிக்கு,

தோத்திரம். முழங்கால் மழைக்கு முனகுகிறது, வெயிலுக்குப் பாடுகிறது. இவர்களுக்குச் சர்க்கரை பரவாயில்லை. உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். "ஒன் மைனி போனா அங்க உள்ள கொசுவெல்லாம் வரிசையில நின்னு, அனுமதி கேட்டுத்தான் கடிக்கும்" என்றார்கள். சிரித்தேன். ஆனால் மைனி, அங்கே உள்ள மலேரியா வேறு என்று இவர்களின் பழைய மாணவன் ஒருவன் சொன்னான். ஒரு மாத்திரையும் தப்பக் கூடாதாம்.

ரீபாவுக்குப் பேறுகால மருந்துப்பொடி இடித்து அனுப்பியிருக்கிறேன். கருப்பட்டியை மேலாக வையுங்கள், விமானத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் வாசனையிலேயே விட்டுவிடுவார்கள்.

போய்ச் சேர்ந்ததும் நாலு வரியாவது போடுங்கள்.

உங்கள் லிண்டா


பிசாவு
16 பிப்ரவரி 2025

அன்புள்ள லிண்டாவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் சுகம். ஆம், நால்வர்! பெண் குழந்தை. மூன்று கிலோ, உன் அண்ணனின் மூக்கு, என் கோபம். ரீபா ஒரு சத்தம் போடாமல் பெற்றாள், நான்தான் வராந்தாவில் நின்று சத்தம் போட்டேனாம். டெனிஸ் அப்படித்தான் சொல்லுகிறான்.

லிண்டா, உலகம் எவ்வளவு பெரியது, எவ்வளவு சின்னது! இங்கே மேசையை மேசை என்கிறார்கள், ஜன்னலை ஜனேலா என்கிறார்கள். சாவியை ஏறக்குறையச் சாவி என்றே சொல்கிறார்கள். நம் கரைக்கு வந்த அதே போர்த்துக்கீசியன் இங்கேயும் வந்து சொல்லை விதைத்துவிட்டுப் போயிருக்கிறான். சந்தையில் மீன் விற்கிற அம்மாளிடம் நான் தமிழில் பேரம் பேசினேன், அவள் அவளுடைய மொழியில் திட்டினாள், விலை படிந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஆற்றை ஒட்டி நெல்வயல். நம் ஊரில் பிசானப் பருவத்து வயல் போலவே இருக்கிறது. சாயங்காலம் அந்த வரப்பில் குழந்தைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு நடப்பேன். "அம்மா, இருட்டுக்கு முன்னால உள்ள வந்துருங்க, கொசு" என்று ரீபா கூப்பிடுவாள். காலையில் மாத்திரையும் கஞ்சியுமாக என் முன்னால் நிற்பவளும் அவள்தான். பேறுகாலத்துப் பெண் மனம் நோகக் கூடாது, விழுங்கிவிடுகிறேன்.

அருணாசலம் நாளை தூத்துக்குடி வருகிறார், அவர் கையில் இதைக் கொடுக்கிறேன்.

உன் மைனி,
கிரேஸி


பாளையங்கோட்டை
28 மார்ச் 2025

அன்புள்ள லிண்டாவுக்கு,

உன் உடம்பு, தம்பி உடம்பு இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. போன தடவை சேர்த்து எழுதியிருந்தாய்.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். குழந்தைக்கு அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. கறுப்புப் பாதிரியார், என்ன குரல்! கோவில் கூரை அதிர்ந்தது. தெருவில் எல்லோரும் வந்து கதை கேட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டு நாளில் கதையில் மட்டும் ஆறு முறை விமானம் இறங்கினேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் உயரம் கூடுகிறது என்று சுடலைவடிவு குற்றம் சொல்லுகிறாள்.

ஒன்றுதான் மனத்தை உறுத்தியது. விபூதிப் புதன் தொடங்கி அங்கே ஒருசந்தி பிடிக்கவில்லை. அதனால் விட்ட நாட்களுக்கும் சேர்த்து இப்போது பிடிக்கிறேன். பகல் முழுவதும் தண்ணீர், சூரியன் இறங்கிய பின் ஒருவேளைச் சோறு. வெறும் வயிற்றில் அந்த மாத்திரை நெஞ்சைக் கரிக்கிறது. அதைப் பற்றி நீ ஒன்றும் கவலைப்படாதே.

உன் மைனி,
கிரேஸி


ஆழ்வார்குறிச்சி
2 ஏப்ரல் 2025

அன்புள்ள மைனிக்கு,

தோத்திரம். என் உடம்பு சுகம். இவர்கள் உடம்பும் சுகம். தனித்தனியாகவே எழுதிவிட்டேன்.

அறுவடை முடிந்து கடனாநதிப் பக்கம் எல்லாம் வைக்கோல் மணம். நீங்கள் வந்து நாலு நாள் இருந்தால் என்ன? "ஒன் மைனிக்கு ஒருசந்தி, நமக்கு லெந்து. மோட்சத்துல ரெண்டுக்கும் ஒரே ரேஷன் கார்டுதான்னு எழுது" என்கிறார்கள் இவர்கள்.

மைனி, கரிக்கிறது என்றால் ராத்திரிச் சோற்றோடு மாத்திரையைப் போடக் கூடாதா? கேட்கிறேன் என்று கோபப்படாதீர்கள். போடுகிறீர்களா, இல்லையா?

உங்கள் லிண்டா


பாளையங்கோட்டை
12 ஏப்ரல் 2025

அன்புள்ள லிண்டாவுக்கு,

சுகம் விசாரித்து எழுதியதற்கு நன்றி. சீட்டில் "காலை" என்று எழுதியிருக்கிறது. ராத்திரி போட்டால் அது டாக்டர் சொன்ன முறை ஆகாது. அரைகுறையாகச் செய்வதை எங்கள் மதர் எங்களுக்குக் கற்றுத் தரவில்லை.

நாளை குருத்து ஞாயிறு. பெரிய வெள்ளிக்கு இயேசுவின் பாடுகளை வாசிக்கிற பொறுப்பை இந்த வருஷம் எனக்குத் தந்திருக்கிறார்கள். பெண்களில் நான்தான் முதல்! நேற்று வாசித்துப் பார்த்தேன், பங்குச் சாமியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு நாளாகக் கொஞ்சம் காய்ச்சல். தெருமுனை கிளினிக்கில் வைரல் என்று சொல்லி ஒரு பாட்டில் ஏற்றினார்கள். உனக்கு உடனே மலேரியா என்று தோன்றும், எனக்குத் தெரியும். மலேரியா ஒருநாள் வந்து ஒருநாள் விடும். இது விடவே இல்லை, தினமும் நேரம் காலம் இல்லாமல் வருகிறது. ஆகவே இது மலேரியா இல்லை. அதனால் அந்த நாட்டுப் பேச்சையே கிளினிக்கில் எடுக்கவில்லை.

கோவிலில் எல்லோரும் என்னைப் பார்த்து, "ஒருசந்தி பிடிச்சு மொகமே தேவதாய் மாதிரி ஆயிட்டு" என்கிறார்கள். அது மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் மைனி,
கிரேஸி


பாளையங்கோட்டை

லிண்டாவுக்கு,

நலமா. நான் நலம். காலையில் கப்பல் வந்துவிட்டது. சிலுவை இன்னும் சாப்பிட வரவில்லை. சோற்றை மூடி வைத்திருக்கிறேன். ஜன்னல்களை எல்லாம் சாத்தினேன், மறுபடியும் திறந்தே இருக்கின்றன. வயலில் இருந்து குளிர் வருகிறது. குழந்தையை உள்ளே கொண்டுபோகச் சொல்.

நலமா. நான் நலம். சிலுவை வந்தால் நான் வாசிக்கப் போயிருக்கிறேன் என்று சொல். சிலுவை கூப்பிடுவது கேட்கிறது. காது மெஷின் இல்லாமலே கேட்கிறது.

நீ வா.


திருநெல்வேலி, மருத்துவமனை
19 ஏப்ரல் 2025

அன்புள்ள மைனிக்கு,

நீங்கள் கண் விழித்ததும் படிக்க இதை எழுதுகிறேன். நீங்கள் சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். சுகம் ஆகிவிடுவீர்கள்.

பெரிய வியாழன் காலையில் தபால்காரர் உங்கள் கடிதத்தைத் தந்தார். தேதி இல்லை. கையெழுத்து இல்லை. அதைவிட, அதில் என் அண்ணன் பெயர் இருந்தது. கல்யாணமான நாளில் இருந்து உங்கள் வாயிலும் வந்ததில்லை, கையிலும் வந்ததில்லை. ரேஷன் கடையில் புருஷன் பெயர் கேட்டதற்குக் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக் காட்டி, "புரிஞ்சுக்கிடும்" என்றவர் நீங்கள். அண்ணன் இறந்து ஒன்பது வருஷம். கடிதத்தை இவர்கள் கையில் கொடுத்தேன்.

இவர்கள் சுடலைவடிவுக்குப் போன் போட்டார்கள். "அம்மா நல்லாத்தான் பேசுதாவ. யார்கிட்டப் பேசுதாவன்னுதான் தெரியல" என்றாள். முதல் பஸ்ஸைப் பிடித்தோம்.

நீங்கள் மேசையில் இரண்டு தட்டு வைத்து உட்கார்ந்திருந்தீர்கள். கண் மஞ்சள். மூச்சு, கிணற்றில் இருந்து வாளி இழுப்பது போல. சுடலைவடிவு என் காதில், "ஒண்ணுக்கு கருப்பட்டிக் காப்பி மாதிரிப் போவுது லிண்டாம்மா" என்றாள். பக்கத்து வீட்டு அம்மாள், "ஒருசந்தித் தளர்ச்சி. கொஞ்சம் கஞ்சி குடுத்தாச் சரியாப் போவும்" என்றாள். இவர்கள் முதல்முறையாக அடுத்தவர் வீட்டில் சத்தம் போட்டார்கள்: "கஞ்சியும் வேண்டாம், கொஞ்சலும் வேண்டாம். காரக் கூப்பிடு!"

டாக்டர் அஸீலா என்று ஒரு பெண், மேலப்பாளையத்துக்காரி. "எங்கயாவது வெளியூர் போனாவளா?" என்றாள். "ஆப்பிரிக்கா" என்றேன். அவள் எழுதிக்கொண்டிருந்த பேனா அப்படியே நின்றது. அடுத்த நிமிஷம் உங்கள் விரலில் குத்தி ஒரு சின்ன அட்டையில் ரத்தம் விட்டார்கள். இரண்டு கோடு விழுந்தது, மலேரியாதான். சர்க்கரை வெறும் முப்பத்துநாலு! நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்து, "செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள்" என்று எல்லோரையும் அதட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டீர்கள். மைனி, நான் அந்த வராந்தாவில் நின்று சிரித்தேன், அழுதேன்.

டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினாள். கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து குட்டி போடுகிறது. புகுந்த அணு வழுவழுப்பை விட்டுப் பிசின் மாதிரி ஆகி, மயிரிழை போன்ற ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. நம் பாளையங்கால்வாயில் அமலைச் செடி அடைக்கிறதே, அப்படி மூளைக்குள் அடைப்பு. பின்னால் வருகிற ரத்தம் போக வழியில்லை. அதனால்தான் புத்தி தடுமாற்றம், பிறகு மயக்கம். வெடித்த அணுக்களின் சாயம் சிறுநீரகத்தில் இறங்கி அதையும் அடைக்கிறது, சிறுநீரின் கறுப்பு அந்தச் சாயம்தான். ரத்தத்தில் புளிப்பு ஏறுகிறது, அதை வெளியே தள்ளத்தான் அந்த வாளி இழுப்பு. கிருமி சர்க்கரையையும் தின்கிறது. நீங்களோ ஒருசந்தியில் ஈரலில் இருந்த சேமிப்பையும் காலி செய்து வைத்திருந்தீர்கள்.

"தடுப்பு மாத்திரை ஒழுங்காப் போட்டாவளா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். "போட்டாவ" என்றேன். பிறகு அவளைத் தனியாக வெளியே கூப்பிட்டு, "இல்ல" என்றேன்.

அன்றைக்கே ஆர்ட்டிசுனேட் ஊசி தொடங்கினார்கள். தினமும் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். முதல் நாள் நூறு அணுவில் பதினொன்றில் கிருமி. நேற்று நாலு. இன்று தேடித்தான் பிடித்தார்களாம்! கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல இவர்கள் லேப் வாசலில் நிற்கிறார்கள். ஆனால் சிறுநீரகம் இன்னும் விழிக்கவில்லை. இரண்டு முறை டயாலிசிஸ் ஆயிற்று. இன்றிரவு தெரிய வேண்டும் என்கிறாள் டாக்டர்.

பாஸ்கா ஞாயிறு காலையில் தொடர்கிறேன். மைனி, டியூபில் தண்ணீர் இறங்குகிறது! மஞ்சளாக, சுத்தமாக! நர்ஸ் வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "உன் சேலை கசங்கியிருக்கிறது" என்றீர்கள். மூன்று நாளாக அதே சேலைதான், கசங்காமல் என்ன செய்யும்? அல்லேலூயா!

உங்கள் லிண்டா


பாளையங்கோட்டை
6 மே 2025

அன்புள்ள லிண்டாவுக்கு,

நீ வீடு திரும்பி நாலு நாள் ஆகிறது. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தாயா? நான் நலம். சாப்பிடுகிறேன், நடக்கிறேன், சுடலைவடிவைத் திட்டுகிறேன்.

உன் ஆஸ்பத்திரிக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் உடம்புக்குள் இவ்வளவு பெரிய போர் நடந்திருக்கிறது, எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை! டாக்டர் அஸீலாவை விடாமல் கேள்வி கேட்டேன். என் ரத்தத் தகட்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் எனக்கே காட்டினாள். ஊதா நிற மோதிரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கல் பதித்தது போல. எவ்வளவு அழகு, எவ்வளவு அயோக்கியத்தனம்! "அப்படியானால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஏன் வரவில்லை?" என்று மடக்கினேன். "அது வேற கிருமிம்மா. ஒங்க மணப்பாட்டுக் கிருமி கடியாரம் பாத்து வரும். இது கடியாரத்தையே தின்னுரும்" என்றாள். நான் மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டேன். நீ இதை யாரிடமும் சொல்லாதே.

மாத்திரை விஷயமாக அவளிடம் நீ என்ன சொன்னாயோ, என்னைப் பார்த்தால் ஒரு சிரிப்புச் சிரிக்கிறாள். போகட்டும். கடிதத்தில் நான் ஒரு பெயரை எழுதியதாகச் சொல்கிறாய். எனக்கு நினைவில்லை. நான் எழுதியிருக்க மாட்டேன்.

வாராவாரம் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். குதிரை போல் இருக்கிறேன், எதற்கு என்று இந்த வாரம் போகவில்லை. மாடிப்படி ஏறினால் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

உன் மைனி,
கிரேஸி


ஆழ்வார்குறிச்சி
8 மே 2025

மைனி,

சுகம் விசாரிக்க இன்று பொறுமை இல்லை.

நாற்பத்துநாலு வருஷமாக உங்களிடம் கேட்டுக் கேட்டே எழுதியிருக்கிறேன். சாப்பிட்டீர்களா, போட்டீர்களா, போனீர்களா. இந்த முறை கேட்கவில்லை, சொல்கிறேன். நாளைக் காலையில் இந்தக் கடிதத்தோடும் காரோடும் இவர்கள் வாசலில் நிற்பார்கள். ஏறுங்கள். மூச்சு வாங்குகிறவள் குதிரை இல்லை.

கோபம் வந்தால் வரட்டும். ஒரு ராத்திரி முழுவதும் ஒரு டியூபைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். இன்னொரு ராத்திரி அப்படி என்னால் முடியாது.

லிண்டா


பாளையங்கோட்டை
24 மே 2025

அன்புள்ள லிண்டாவுக்கு,

உன் முழங்காலும் உன் கோபமும் சுகமா? நான் நலம். இந்த முறை அதை டாக்டரும் ஒப்புக்கொள்கிறாள்.

காரில் ஏறினேன். தம்பி இஸ்ரவேல் காரை மெதுவாக ஓட்டச் சொன்னார். வண்ணாரப்பேட்டைப் பாலத்தில் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, அவ நேத்து சாப்பிடல" என்றார்.

ஹீமோகுளோபின் ஆறில் நின்றது, பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்றாள் அஸீலா. போர் முடிந்த பிறகு நடக்கிற வேலையாம் இது. மருந்து வந்ததும் சில சிவப்பணுக்கள் உள்ளே இருந்த கிருமியை வெளியே துப்பிவிட்டுத் தப்பிக்கின்றன. தப்பித்தாலும் அவற்றுக்கு ஆயுள் குறைவு. இரண்டு மூன்று வாரம் ஓடிவிட்டு எல்லாம் ஒன்றாக உடைந்து விழுகின்றன. அதற்காகத்தான் வாராவாரம் வரச் சொன்னார்களாம். அதைச் சீட்டில் எழுதியிருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

இரண்டு பை ரத்தம் ஏறியது. ஒன்று யாருடையது தெரியுமா? சுடலைவடிவுடையது! ஒரே வகை. தெரிந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். இப்போது வீட்டில் அவள் ராஜ்யம். நேற்றுப் பாத்திரம் சரியாகக் கழுவவில்லை என்று வாயைத் திறந்தேன். "பாத்து ஏசுங்கம்மா, ஒங்க ரத்தமே ஒங்களுக்குச் சேராமப் போயிரும்" என்கிறாள். படி ஏறினேன், லிண்டா. மொட்டை மாடி வரை. மூச்சு வாங்கவில்லை. மேலே நின்று கீழே அவளைப் பார்த்துக் கையை ஆட்டினேன். தெருவே நின்று பார்த்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை குப்புற விழுகிறதாம். முதல் கிறிஸ்மஸுக்கு வாருங்கள் என்று டெனிஸ் எழுதியிருக்கிறான். நவம்பரில் பரிசோதனை சரியாக இருந்தால் போகலாம் என்று அஸீலா எழுத்தில் தந்திருக்கிறாள். தனியாகப் போகக் கூடாது என்றும் எழுதியிருக்கிறாள். ஆகவே நீ வருகிறாய். உன்னிடம் கேட்கவில்லை, நீதான் அந்த வழக்கத்தைத் தொடங்கினாய். பாஸ்போர்ட் படத்துக்குச் சிரிக்காதே, திருப்பிவிடுவார்கள். மூன்று வாரம் தம்பி இஸ்ரவேலுக்குச் சுடலைவடிவு சமைத்துப் போடுவாள். அவர் உப்புக் குறை என்று சொன்னால் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

சோற்றோடு போடுகிற வேறு மாத்திரை தருகிறார்களாம், நெஞ்சைக் கரிக்காது. இருவருக்கும் உரியது உன் கைப்பையிலேயே இருக்கட்டும். தினமும் சாப்பிட்டு முடித்ததும் என் முன்னால் வந்து நில். நான் விழுங்கித் தண்ணீர் குடித்து வாயைத் திறந்து காட்டும்வரை நகராதே. திரும்பி வந்த பிறகும் அதைப் போட வேண்டுமாம். அந்த நாட்களுக்கு நான் ஆழ்வார்குறிச்சியில் உன் வீட்டில் இருப்பேன்.

ஏன் என்று கேட்டு எழுதாதே.

உன் மைனி,
கிரேஸி